ஒனோதெரா வீட்டு வாசலில் ஏறிய பனிக்கட்டி

அன்புள்ள ஷியோரி,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தொலைபேசியை விட்டுப் பேனா எடுத்தால் ஏதோ நடந்துவிட்டது என்று நீ பயப்படுவாய். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். நாஹாவில் இப்போதே அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய், அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு சன்னலைப் பார்த்தார். உன் அறையின் கூரையில் ஈரம் படர்வதையும், மேல்மாடியில் இருக்கும் அந்தப் பெண் குளியலறைக் குழாயை ஒழுங்காக மூடுவதில்லை என்று நீ நினைப்பதையும், வீட்டுக்காரருக்கு அவளைப் பற்றி ஒரு கண்டிப்பான கடிதம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டதையும் படித்தேன். 'உனக்குத்தாம்மா அந்த மாதிரி எழுத வரும், யாரும் மறுபேச்சு பேசமுடியாதபடி எழுதுவே' என்று பாராட்டு வேறு. அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. பதில் இவ்வளவு தாமதமானதற்கும் அதற்கும் காரணம் ஒன்றுதான், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சர்க்கரை ஆலையில் இந்த ஆண்டு பீட் கிழங்கு வரத்து அதிகம், அப்பாவுக்கு மாறி மாறி வேலை, வீட்டுக்கு வரும்போது அவர் கோட்டிலிருந்து வெல்லப்பாகு வாசனை வருகிறது. என் ஆய்வுக்கூடத்தில் எப்போதும்போலப் பால் வருகிறது, சோதிக்கிறோம், நல்லது என்றால் அனுப்புகிறோம், கெட்டது என்றால் திருப்புகிறோம். குளிர் இந்த வருஷம் கடுமை. காலையில் மூக்குக்குள் இருக்கும் முடி ஒட்டிக்கொள்கிறது. வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ இந்த வீட்டில் வாழ்ந்ததில்லை, விடுமுறைக்கு வந்து தங்கியதுதான். ஆலைக் குடியிருப்பில் நீ வளர்ந்தபோது சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் குழாய்களிலிருந்த தண்ணீர் தானாக இறங்கிவிடும், இங்கே கைதான் எல்லாம் செய்ய வேண்டும். சமையலறைத் தரையில் ஒரு வட்டக் கைப்பிடி நிற்கிறதே, அதை இரவு படுக்கும் முன் கடைசிவரை திருகினால், வெளியிலிருந்து வரும் தண்ணீர் நின்று, வீட்டுக் குழாய்களில் மிச்சமிருப்பது பூமிக்கு அடியில் உள்ள ஒரு துளை வழியாக மண்ணில் வடிந்துவிடும். அப்போதுதான் குழாய் உறைந்து வெடிக்காது. நீ முதல் முறை வந்திருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு, 'அடியில யாரோ மடக்குமடக்குன்னு குடிக்கிறாங்கம்மா' என்று சொன்னாய். அந்தக் கைப்பிடியை நடுவில் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் வரும் வழியும் திறந்திருக்கும், வடியும் வழியும் திறந்திருக்கும், தண்ணீர் வீட்டுக்குள் வராமலே நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும், மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இலையுதிர் காலத்தில் நான் சமையலறைத் தரையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன், அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், வாடகை வீடு என்று யாரும் சொல்ல முடியாது என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றித் தூரிகை சரியாகப் போக வேண்டும் என்பதற்காக அதன் திருகாணியைக் கழற்றி, கைப்பிடியைத் தனியாக எடுத்து, துரு போகத் தேய்த்து, மறுபடி மாட்டினேன். அதன் விளிம்பில் முன்பு குடியிருந்தவர் யாரோ சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி சுவரைப் பார்த்து நின்றால் முழுக்க மூடியாயிற்று என்று அர்த்தம், வந்த நாளிலேயே வீட்டுக்காரம்மா ஹிராகா சொல்லியிருந்தார், பழைய திருகு, ரொம்ப முறுக்கி உடைச்சிடாதீங்க என்றும் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு மாலையும் புள்ளி சுவரைப் பார்க்கும்வரை திருகினேன். ஒரு நாள் விட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

இனி பக்கத்து வீட்டு ஒனோதெரா-சான். ஒரே கூரையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடு இது என்பது உனக்குத் தெரியும், சாலையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயும் ஒன்றுதான், வீட்டுக்கு அடியில்தான் இரண்டாகப் பிரிகிறது. அவர் மனைவி காலமான பிறகும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, தன் வாசல் பனியோடு எங்கள் வாசல் பனியையும் தள்ளிவிட்டு இருந்தவர். பால் லாரி ஓட்டிய மனிதர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கொண்டுவந்த லாரியை ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன், பாலில் மாட்டுக்குப் போட்ட மருந்து கலந்திருந்தது. அதை அவர் மறக்கவே இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பால் டாக்டரம்மா என்பார். நான் பூசணிக்காய்க் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், 'சோதிச்சிட்டீங்களா, நான் சாப்பிடலாமா, இல்ல திருப்பி அனுப்பணுமா' என்பார். காது சரியாகக் கேட்காது, காதுக்கருவியைப் பெரும்பாலும் சட்டைப் பையில் வைத்திருப்பார். 'அங்க இருந்தாத்தான் அது பத்திரமா இருக்கு' என்று அதற்கு ஒரு காரணம்.

புத்தாண்டு கழிந்து சில நாட்களில் அவர் வாசலில், படிக்குக் கீழே, பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்தது. மேலிருந்து விழுந்த பனி இல்லை, அடியிலிருந்து ஊறி வந்து உறைந்த கட்டி, மஞ்சள் கலந்த கண்ணாடி மாதிரி. அவர் காலையில் இரும்புக் கடப்பாரையால் குத்தி எடுப்பார், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதைவிட உயரமாக இருக்கும். 'ஊர்ல யாருக்கும் இல்லாம எனக்கு மட்டும் மலை முளைக்குது பாருங்க, கோடை வந்தா டிக்கெட் போட்டுக் காட்டலாம்' என்று சிரித்தார். பிறகு ஒரு நாள், விடியுமுன் எழுந்தால் தன் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, நாங்கள் எழுந்து புழங்கும் நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றார். அதைக் கேட்டவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருடைய கைப்பிடி நடுவில் நிற்கிறது, தண்ணீர் மண்ணுக்குள் போகிறது, வழி கிடைக்காமல் அவர் வாசலில் மேலேறி உறைகிறது. வயதானவர், மறந்துவிடுகிறார்.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் சோதித்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. ஒரு மாலை என் வீட்டுக் கைப்பிடியைப் புள்ளி சுவரைப் பார்க்கும்வரை மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் தன் கைப்பிடியை என் கண் முன்னால் மூடினார். மரக்கரண்டியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். உஸ்ஸென்று தண்ணீர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. என்னுடையது மூடியிருக்கிறது, ஆகவே இது உங்களுடையது, உள்ளே இருக்கும் ரப்பர் போயிருக்கலாம், அல்லது நீங்கள் முழுக்கத் திருகுவதில்லை என்று சொன்னேன். அவர் கரண்டியை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். 'எனக்கு என் மண்டைக்குள்ள ஓடற சத்தந்தான் கேக்குது' என்றார். பிறகு, 'உங்க காது கேக்குது, என் காது கேக்கல, அப்ப நீங்க சொல்றதுதான் சரி' என்றார். ஹிராகா அம்மாவிடம் சொன்னேன். போன வருஷம்தான் அவர் பக்கத்து ரப்பரையெல்லாம் மாற்றினேன், பழுது இருக்க வழியில்லை, தரை இப்போது பாறை மாதிரி உறைந்திருக்கிறது, பனி உருகுமுன் தோண்ட முடியாது, தண்ணீர் அளக்கும் கருவிகூடப் பனிக்கு அடியில்தான் கிடக்கிறது என்றார். அதோடு, 'வயசானவங்களுக்கு வீடு குடுக்காதேன்னு என் புருஷன் அப்பவே சொன்னார், நான்தான் இரக்கப்பட்டேன்' என்றும் சொன்னார். நான் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒனோதெரா-சான் தன்னை நம்புவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் எங்கள் கதவைத் தட்டி, 'பால் டாக்டரம்மா, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயிடுங்க, நான் மூடிட்டேன்னு நினைக்கிறேன், ஆனா நான் நினைக்கிறதுக்கு இப்ப மதிப்பு இல்லையே' என்பார். நான் போய்ப் பார்ப்பேன். கைப்பிடி இறுக மூடியிருக்கும். ஒவ்வொரு முறையும் இறுக மூடியிருக்கும். காலையில் பனிக்கட்டி வளர்ந்திருக்கும். இதற்கு ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்ன முடிவுக்கு வர வேண்டும்? அவர் மூடுவது சரியாக இருக்கிறது, ஆகவே தண்ணீர் வேறெங்கோ போகிறது என்றுதானே. நான் வந்த முடிவு, நான் போனபிறகு அவர் தேநீருக்கோ மாத்திரைக்கோ தண்ணீர் திறந்துவிட்டு மறுபடி சரியாக மூடாமல் விடுகிறார் என்பது. நான் பார்க்காதபோதுதான் தவறு நடக்கிறது என்று வைத்துக்கொண்டேன். அப்பா ஒரு தடவை, 'அவர் கெட்டிக்காரத்தனமா உன்னை ஏமாத்தறார்னு சொல்றியா, இல்ல மறக்கறார்னு சொல்றியா, ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதே' என்றார். பேசாமல் சூப்பைக் குடியுங்கள் என்று சொன்னேன்.

செய்தித்தாள் போடும் பெண் அந்தக் கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டாள். அன்றுதான் நான் சப்போரோவில் இருக்கும் அவர் மகள் கஸுயோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது என்றால் சொல்லுங்கள் என்று எப்போதோ எண்ணைக் கொடுத்திருந்தாள். நான் குரலை உயர்த்தவில்லை, எதையும் மிகைப்படுத்தவில்லை, பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாகச் சொன்னேன், மறதி என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் பயன்படுத்தினேன். அது போதுமானதாக இருந்தது. இன்று தண்ணீர், நாளைக்குக் கணப்பு அடுப்பு என்று அவளே வாக்கியத்தை முடித்தாள். அடுத்த வாரக் கடைசியில் வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதாம், தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரமாம். நான் அதை நல்ல ஏற்பாடு என்றேன்.

போகிற அன்று காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்து, நல்ல கோட்டு போட்டு, காதுக்கருவியைக் காதிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில், கடையில் காகிதம் சுற்றி வாங்கிய இனிப்புப் பெட்டி. நீ ஏன் என்று கேட்க மாட்டாய், தொந்தரவு கொடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்க எடுத்துக்கொண்டு போகிற பெட்டி. வாசலிலேயே நின்று தலை தாழ்த்தி, 'என்னால உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம். பக்கத்து வீட்டம்மா நல்லவங்களா அமைஞ்சதால இந்த மட்டும் ஓடிச்சு' என்றார். நான் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை, வயதானால் யாருக்கும் வருவதுதான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, 'கை மூடிட்டேன்னு சொல்லுது டாக்டரம்மா, தண்ணி இல்லைங்குது. சொந்தக் கையே பொய் சொன்னா அப்புறம் ஒருத்தன் எங்க இருந்தா என்ன' என்றார். கஸுயோ வண்டியில் காத்திருந்தாள். நானும் அப்பாவும் அன்று மாலை தேநீரோடு அந்த இனிப்பைச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்தது.

ஹிராகா அம்மா வந்து அவர் பக்கத்துத் தண்ணீரை அடியோடு நிறுத்தி, குழாய்களை வடித்து, கணப்பை அணைத்துப் பூட்டிக்கொண்டு போனார். பனி விலகியதும் வேறு ஆளுக்கு விடப்போவதாகச் சொன்னார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒனோதெரா-சான் வாசலைப் பார்த்தேன். பனிக்கட்டி வளர்ந்திருந்தது. ஷியோரி, அப்போதுகூட எனக்கு முதலில் வந்த எண்ணம் ஹிராகா அம்மா சரியாக மூடவில்லை என்பதுதான். வழியெல்லாம் அவரைக் குறை சொல்லிக்கொண்டே போனேன். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே, 'ஆளே இல்லாத வீட்ல யாருக்கு மறதி?' என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அவர் குளிக்கப் போனார். நான் சமையலறையில் கைப்பிடிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் குளித்து வந்ததும் வழக்கம்போலத் திருகினேன், புள்ளி சுவரைப் பார்த்தது, நிறுத்தினேன். கீழே லேசாக ஒரு சத்தம் கேட்டது. நீ சொன்ன அந்த மடக்குமடக்கு இல்லை. குளிர்காலம் முழுவதும் அந்தச் சத்தம் சின்னதாகிவிட்டிருந்தது, வார்னிஷ் அடித்ததால் பலகை இடுக்குகள் அடைபட்டுவிட்டன என்று நானே எனக்கு ஒரு விளக்கம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது கைப்பிடியை விடாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். இறுக்கமாக இருந்தது, ஆனால் நகர்ந்தது. புள்ளி சுவரைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, என் முழங்காலைப் பார்க்கும்வரை நகர்ந்து, பிறகுதான் நின்றது. தரைக்கு அடியில் யாரோ நெடுநேரம் தாகத்தோடு குடித்தார்கள். பிறகு அமைதி. கைப்பிடியைக் கழற்றித் துருப் போக்கி மாட்டியபோது நான் அதைப் பழைய இடத்தில் மாட்டவில்லை. திருகுத் தண்டில் இருக்கும் பற்களில் சில பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். வடிந்த தண்ணீர் உறைந்த மண்ணுக்கு அடியில் சரிவு பார்த்து அவர் வாசல் பக்கம் ஊறியிருக்கிறது. புள்ளியை நம்பினேன், கையை நம்பவில்லை. அவர் வீட்டில் நான் செய்த சோதனையை நினைத்துப் பார். என் கைப்பிடியை மூடிவிட்டுத்தானே போனேன்? அதை மூடும்போதுதான் தண்ணீர் கசிந்தது. கெட்டுப்போன பாலைத் தரமான பால் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய பாலைச் சோதித்திருக்கிறேன். பகலில் எங்களுடையது முழுக்கத் திறந்திருக்கும்போது கேட்டிருந்தால் ஒரு சத்தமும் இருந்திருக்காது. அவர் விடியுமுன் தண்ணீர் நூலாக வருகிறது, நீங்கள் எழுந்ததும் சரியாகிறது என்று சொன்னதே போதுமே, அதைவிட வேறு என்ன சான்று வேண்டும். மறுநாள் காலையில் அவர் வாசலில் புதிதாக ஒரு துளிகூட இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத மனமில்லை, ஆனால் எழுதுகிறேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. கைப்பிடியைச் சரியான இடத்தில் மாட்டினேன், தரையைத் துடைத்தேன், வேலைக்குப் போனேன். தண்ணீர் நின்றுவிட்டது, அவர் போய்விட்டார், பனி உருகினால் கட்டியும் இருக்காது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்தது மட்டும் இல்லை, சில நாட்கள் என்னோடு தங்கியும் இருந்தது. அங்கே அவருக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், மகள் பக்கத்தில், தனியாகப் பனி தள்ள வேண்டாம் என்றெல்லாம் அவருக்காக யோசிப்பதுபோல யோசித்தேன். உன் கடிதம் அந்த நாட்களில்தான் வந்தது. மேல்மாடிப் பெண்ணைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசமுடியாதபடி எழுதித் தரச் சொல்லியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன், கைப்பிடி விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பிறகு, 'அந்த இனிப்புப் பெட்டியில பாதியை நானும் தின்னுட்டேனே' என்றார்.

அதன் பிறகுதான் ஹிராகா அம்மாவிடம் போனேன். அவர் நான் சொல்லச் சொல்ல வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, 'படிச்சவங்க நீங்க, உங்க பேச்சை நம்பித்தானே நானும் தலையாட்டினேன்' என்றார். வீட்டை யாருக்கும் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். ஒனோதெரா வருவார் என்று என்ன உறுதி என்றார். உறுதி இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'பனி விலகறவரைக்கும் வெச்சிருக்கேன், உங்களுக்காக இல்ல' என்றார். நானும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு சப்போரோவுக்கு ரயில் ஏறினேன். எந்த இனிப்பு வாங்குவது என்று கடையில் நெடுநேரம் நின்றேன். அவர் கொடுத்த அதே இனிப்பை வாங்க எனக்குத் துணிவு வரவில்லை.

இல்லம் சுத்தமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. அவர் கூடத்தில் மற்றவர்களோடு இல்லை, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், 'பால் டாக்டரம்மா, இங்க வந்து பாருங்க' என்று குழாய்க்கு அடியில் கையை நீட்டிக் காட்டினார், தண்ணீர் வந்தது, கையை எடுத்தார், நின்றது. 'திருகறதே கிடையாது. மறக்கறதுக்கு ஒண்ணுமே வெக்கல இவங்க' என்றார். சிரிக்கவில்லை. கஸுயோ பக்கத்தில் நின்று, அப்பா இப்போதெல்லாம் தேநீரைக்கூடத் தானாக ஊற்றிக்கொள்வதில்லை, கெட்டிலைத் தொடவே பயப்படுகிறார் என்று தணிந்த குரலில் சொன்னாள். நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வரும்போது ரயிலில் வாக்கியங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. தண்ணீர் எங்கள் வீட்டுடையது, கைப்பிடியைத் தப்பாக மாட்டியது நான், உங்கள் கைப்பிடி எப்போதும் சரியாகத்தான் இருந்தது, நானே தினமும் பார்த்தேன், பார்த்தும் நம்பவில்லை என்றேன். அவர் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்து, விரித்து, மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்ப மூடிட்டேன்னு கை சொன்னப்பல்லாம் மூடித்தான் இருந்ததா?' என்றார். ஆமாம் என்றேன். 'எல்லா நாளுமா?' எல்லா நாளும் என்றேன்.

கஸுயோதான் பேசினாள். 'அவர் தூங்காம அழுதப்ப நான் அவர்கிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டம்மா படிச்சவங்க, சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றாங்க, ஒத்துக்கோப்பான்னு. நான் சொன்னேங்க அதை' என்றாள். என் பெட்டியை அவள் வாங்கவில்லை. அவள் செய்ததில் தவறில்லை. ஒனோதெரா-சான்தான் கையை நீட்டி வாங்கி, காகிதத்தைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தார். பிறகு முதல் முறையாக அவருடைய பழைய குரலில், 'லாரியைத் திருப்பி அனுப்பினப்ப நீங்க சரியாத்தான் இருந்தீங்க. அதனாலதான் இதையும் நம்பித் தொலைச்சேன்' என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். 'நான் திரும்பி வந்தா, நீங்க சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பார்க்க வேணாம். நான் உங்க வீட்டுக்கு வந்து பார்க்கறேன்' என்றார். கஸுயோ அதைக் கேட்டுவிட்டு, அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். ரயிலில் நான் அழவில்லை, அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும், அந்தச் சலுகையை எனக்கு நானே கொடுக்க முடியவில்லை.

இனி உன் கூரைக்கு வருகிறேன். ஈரம் எப்போது கூடுகிறது என்று முதலில் பார். மழைக்குப் பிறகா, மேலே அந்தப் பெண் குளித்த பிறகா, அல்லது நீ ஏசி போட்டிருக்கும்போதா. அந்த ஈரம் ஏசியை ஒட்டித்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படியானால் ஏசியின் வடிகுழாய் வெளியே எங்கே போகிறது, அதன் வாயில் பூச்சியோ பாசியோ அடைத்திருக்கிறதா, குழாய் எங்காவது மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பார், ஏசியை நிறுத்திவிட்டு கூரை காய்கிறதா என்றும் பார். காலையில் பழுப்பாகத் தண்ணீர் வருகிறது என்றாயே, மொட்டைமாடித் தொட்டியைக் குறை சொல்லும் முன் பச்சைத் தண்ணீரையும் வெந்நீரையும் தனித்தனியாகப் பிடித்துப் பார், வெந்நீரில் மட்டும் பழுப்பு என்றால் அது உன் வெந்நீர்க் கருவி. இவ்வளவும் பார்த்த பிறகும் தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தால், கடிதம் வேண்டாம், படியேறிப் போய்க் கதவைத் தட்டிப் பேசு. அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு பெட்டியோடு வந்து நிற்கும்படி மட்டும் செய்துவிடாதே.

மேலே உள்ளதை நேற்று எழுதி, உறையில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை கஸுயோ கூப்பிட்டாள். குசலம் விசாரிக்கவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை அப்பா வர்றார். பையைக் கட்டி வெச்சுக்கிட்டு ரெண்டு நாளா அது மேலேயே உக்காந்திருக்கார்' என்றாள். நான் நன்றி என்று தொடங்கினேன். அவள் நிறுத்திவிட்டாள். 'உங்க பேச்சை நம்பி நான் அவரை அனுப்பல. அவர் பேச்சை நம்பி அனுப்பறேன்' என்றாள். சரி என்றேன். அதைவிடச் சரியான பேச்சை நான் அண்மையில் கேட்டதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வாசல் சுத்தமாக வேண்டும். அவருடைய கடப்பாரை இன்னும் சுவரோரம்தான் சாய்ந்திருக்கிறது, வேலைக்குப் போகும் முன் அதை எடுத்துக் குத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா உதவிக்கு வந்தார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கட்டி இரும்பு மாதிரி இருக்கிறது, அடுக்கடுக்காக, ஒவ்வொரு இரவும் ஒரு அடுக்கு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, ஆள் இல்லாத வீட்டு வாசலைக்கூடச் சுத்தம் செய்கிறீர்களே, எவ்வளவு நல்ல மனசு என்கிறார்கள். முதல் ஆளிடம் தலையாட்டிவிட்டு நின்றேன். செய்தித்தாள் போடும் பெண் கட்டுப்போட்ட கையோடு நின்று அதையே சொன்னபோது கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, இது எங்கள் வீட்டுத் தண்ணீர், உன்னை விழவைத்ததும் இதுதான் என்றேன். இப்போது கேட்கிற எல்லோரிடமும் அதையே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே இருக்கிறது.

குளிர் அடிக்காத ஊர் என்று தொண்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே, அப்பா அனுப்பிய கழுத்துத் துணியைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாய் என்று தெரியும். ஊருக்குப் போகும்போது தண்ணீரை மூடிவிட்டுப் போ, மூடியதைக் கையால் பார். நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு, உன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு நல்லவளாக நீ வாழ வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம். மேல்மாடிப் பெண்ணின் பெயர் என்ன என்று நீ எழுதவே இல்லை, கேட்டு எழுது.

உன் நலம் நாடும்,
அம்மா